எதன் பின்னால் ஓடியது ரோசி

பேராசிரியர் சசிரேகாவுக்குக் காது அலுத்துப் போயிருந்தது. கேட்கவில்லை என்பதல்ல, காஞ்சிபுரத்து டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, அறுபது வயதுக்கு இது அருமையான காது என்று சொல்லி அனுப்பிவிட்டார். இது வேறு அலுப்பு. வீடு வாசலை விட்டு ஓடிவந்தவர்கள் ஓடிவந்த கதையைச் சொல்லச் சொல்ல, மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து முப்பது வருஷத்துக்கு மேல் கேட்ட அலுப்பு.

டெல்லியில் ஆரம்பித்தது அவள் உத்தியோகம். நடுவில் கொஞ்சம் ஜெனீவா. அப்புறம் வருஷத்தில் பாதி நாள் பனி மூடிக் கிடக்கிற ஒரு ஊர்ப் பல்கலைக்கழகத்தில் மீதிக் காலம். பாடம் சர்வதேசச் சட்டம். அதிலும் கட்டாயப் புலம்பெயர்வு. ஓர் ஆள் தானாகப் புறப்பட்டாரா, இல்லை புறப்பட வைத்தார்களா என்கிற ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிப் போட்டு நாலு புத்தகம் எழுதியிருக்கிறாள். அகதி சொல்வதை அதிகாரி எப்படிக் கேட்க வேண்டும், எதை நம்பலாம், எதைச் சந்தேகப்படலாம் என்று அவள் எழுதிய கையேடு பல நாட்டு அலுவலகங்களில் மேசை மேல் இருக்கிறது. பாதிப் பேர் அதன் மேல் காப்பிக் கோப்பையை வைக்கிறார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். கண்ணால் பார்த்திருக்கிறாள்.

இதையெல்லாம் ஊரில் விளக்கிச் சொல்லி மாளுமா? அண்ணன் வெங்கடேசன் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "என் தங்கச்சி ஐநா சபைல இருந்தவ." அதைக் கேட்ட ஊர்க்காரர்கள் முதல் வாரத்திலேயே வந்து, நூறு நாள் வேலை நின்றுபோயிருக்கிறது, மேலிடத்துக்கு ஒரு போன் போட முடியுமா என்று கேட்டார்கள். அவள் இல்லை என்றாள். அதோடு ஐநா சபையின் மவுசு உத்திரமேரூர் வட்டாரத்தில் கொஞ்சம் குறைந்துவிட்டது.

அவளுக்கு வேறு வீடு கிடையாது. இதைச் சொல்லிவிடுவது நல்லது. கல்யாணம் ஒன்று நடந்து, சத்தமில்லாமல் முறிந்து வெகுகாலம் ஆகிறது. பிள்ளை இல்லை. இருந்த வீடெல்லாம் பல்கலைக்கழகம் கொடுத்த வீடு. வேலை முடிந்ததும் சாவியை வாங்கிக்கொண்டார்கள். அடுத்தவன் எங்கே குடியிருக்கலாம் என்று ஆயுசு முழுக்க வாதாடியவள் தனக்கென்று நாலு சுவர் எழுப்ப மறந்துபோனாள். அண்ணன்தான் ஏர்போர்ட்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு போனார். மாடியில் ஒரு அறை, தனிக் குளியலறை, வெந்நீருக்கு ஹீட்டர். "செத்தாலும் இங்கயே சாவு, எங்கயும் போவாத," என்றார். அதைவிட மரியாதையாக அவரால் பாசத்தைச் சொல்ல முடியாது. அண்ணி கலா ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. இனிமேல் யார் கதையும் கேட்பதில்லை என்ற முடிவோடு சசிரேகா அந்த மாடியில் படுத்துக் கிடந்தாள்.

கதை மாடிப்படி ஏறி வந்தது.

வந்தவள் கங்கம்மாள். அண்ணன் நிலத்தில் நாற்றுப் பறிக்க, களை எடுக்க வருகிற இருளப் பெண். கூடவே அவள் புருஷனின் அண்ணன் வீராசாமி, பல் போன கிழவர். ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வழிகிற கலங்கலுக்கு அந்தப் பக்கம், தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு இருளர் குடும்பங்கள் இருந்தன. முன்னே ஏரிக்கரையை ஒட்டிக் குடிசை போட்டிருந்தவர்கள். அந்தப் பெரிய மழை வருஷத்தில் காணாமல் போய், திருவள்ளூர் பக்கம் ஏதோ செங்கல் சூளையில் கிடந்து, போன வருஷந்தான் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து சேர்ந்திருந்தார்கள். இப்போது சப்-கலெக்டர் விசாரணை வைத்திருக்கிறாராம். இங்கே குடியிருந்து, இங்கிருந்து கிளப்பப்பட்டவர்கள் என்று ருசுவானால் மதகுக்குப் பக்கத்து மேட்டில் மனைப்பட்டா. பிழைப்புத் தேடித் தாமாகப் போனவர்கள் என்றால் ஒன்றும் கிடையாது. தார்ப்பாயையும் பிரித்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

"நாங்க சொன்னா நம்ப மாட்டேன்றாங்கம்மா," என்றாள் கங்கம்மாள். "எப்பிடி சொன்னா நம்புவாங்கன்னு ஒனக்குத் தெரியுமாமே."

தெரியும். அதுதான் வினையே. சசிரேகா எழுந்து உட்கார்ந்தாள். "சரி, எப்படி நடந்தது? சொல்லு பார்க்கலாம்."

"ரோசி குட்டி போட்டு, குட்டிங்க கண்ணு கூட தொறக்கலம்மா," என்று ஆரம்பித்தாள் கங்கம்மாள்.

ரோசி என்பது நாய். சசிரேகா கண்ணை மூடிக்கொண்டாள். கதை நாயிடமிருந்து கோழிக்குப் போயிற்று, கோழியிலிருந்து தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு, அங்கிருந்து வீராசாமியின் முட்டி வலிக்கு. முட்டி வலியை வீராசாமியே எடுத்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓட்டினார். எந்த மாசம், எந்த வருஷம் என்று கேட்டால், ஏரி நிரம்பி வழிந்த 'ஏரி கோடி போன வருசம்', வழியாத 'ஏரி கோடி போவாத வருசம்' என்ற இரண்டு வருஷந்தான் அவர்களிடம் இருந்தது.

"மயன்னா மய, அப்பிடி ஒரு மய. பொயுது சாயச் சொல்ல கரை மேல டிராக்டரு வந்து நின்னுச்சி. லைட்டப் போட்டுக்கினு நின்னுச்சி. ஊர் ஆளுங்க கடப்பாரை எடுத்துக்கினு எறங்கி, கூரைய பிரிச்சாங்க. கரை ஒடஞ்சிடும், நீங்க எலிக்கு நோண்டி நோண்டித்தான் கரை பலம் பூடுச்சின்னாங்க. ஒங்க அண்ணாரு ஒண்ணும் திட்டலம்மா, பொய் சொல்லக் கூடாது. வண்டி மேல குந்திக்கினு இருந்தாரு. 'ஏறுங்க'ன்னாரு. ஏறினோம். குட்டிங்கள அன்னக்கூடைல போட்டு வச்சிருந்தேன், அத எடுக்கவே வுடல. ரோசி டிராக்டரு பின்னாலயே ஓடியாந்துச்சி. பஸ் ரோடு வரைக்கும் ஓடியாந்துச்சி. அப்பால குட்டிங்க ஞாபகம் வந்துச்சோ இன்னாவோ, நின்னுடுச்சி. விடிஞ்சா சூளைல கீறோம்."

கீழே டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் இருமுகிற சத்தம் படிக்கட்டு வழியாக மேலே வந்தது.

அந்த டிராக்டரை சசிரேகாவுக்குத் தெரியும். சிவப்பு நிறம். இப்போதும் கொல்லைப்புறம் கொட்டகையில்தான் நிற்கிறது. அதை வாங்கின வருஷம் அண்ணன் மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பியிருந்தார். ரொம்ப நாள் அதை அவள் தன் அறைக் கதவில் ஒட்டி வைத்திருந்தாள்.

அவள் செய்தது என்னவென்றால், வேலையைச் செய்தாள். கை பழகிப்போன வேலை. எங்கே குடியிருந்தோம், எத்தனை காலம், மழை எப்போது, எப்படி வெளியேறினோம், எப்போது திரும்பினோம் என்று கதையை வெட்டி, வரிசையாக அடுக்கினாள். கல்யாணம் வெளியே போயிற்று. கோழி போயிற்று. முட்டி வலி போயிற்று. 'எப்படி வெளியேறினோம்' என்ற இடத்தில் கொஞ்சம் நின்றாள்.

"டிராக்டர் வேணாம் கங்கம்மா. அதைச் சொன்னா பேச்சு வேற பக்கம் போயிடும். யார் ஓட்டினா, யார் வண்டின்னு ஊர்ச் சண்டையா ஆயிடும். 'அங்க இருக்க முடியாம, போக வேண்டியதாப் போச்சு'ன்னு சொல்லு. அது போதும்."

"சரிம்மா."

"நாயும் வேணாம்."

நாயை ஏன் எடுத்தாள் என்று அப்போது கேட்டிருந்தால், கையேட்டின் நாலாம் அத்தியாயத்தைக் காட்டியிருப்பாள்: மையமான செய்தி வேறு, ஓரத்துச் செய்தி வேறு. உண்மை அதைவிட எளிது. நாய் எதற்குப் பின்னாலோ ஓட வேண்டும். டிராக்டர் இல்லாவிட்டால் நாய்க்கு ஓட இடமில்லை. கூடப்பிறந்த அண்ணனை ஓரத்துச் செய்தி என்று முடிவுகட்ட அவளுக்கு அரை நிமிஷம் ஆயிற்று. அலுப்பில் இருக்கிறவர்களுக்கு இந்த மாதிரி முடிவெல்லாம் சீக்கிரம் வந்துவிடுகிறது.

கங்கம்மாள் அவளை ஒரு பார்வை பார்த்தாள். "புரியுதும்மா," என்றாள். என்ன புரிந்தது என்று இவளும் கேட்கவில்லை.

அப்புறம் சாயங்காலம் சாயங்காலமாகக் கலங்கல் பக்கம் போய்ப் பாடம் சொல்லிக்கொடுத்தாள் பேராசிரியர். சாட்சிக்குச் சொல்லிக்கொடுப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று வகுப்பு வகுப்பாகப் பேசியவள். இந்த ஒரு தடவை இவர்களை நம்பிவிடட்டும், அப்புறம் நான் எக்கேடு கெட்டாலும் சரி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். நிஜமாகவே அவர்களுக்கு அந்த மேடு கிடைக்க வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டாள். அண்ணனும் நோகக் கூடாது என்றும் ஆசைப்பட்டாள். இரண்டும் நடக்கும் என்று நம்புகிற அளவுக்கு அவள் ஒன்றும் சின்னப் பெண் இல்லை, ஆனாலும் நம்பினாள்.

பெண்கள் கற்பூரமாகப் பிடித்துக்கொண்டார்கள். நாற்றுப் பறிக்கும்போதே ஒருத்தி ஆரம்பிக்க இன்னொருத்தி முடித்தாள். வீராசாமிதான் வசப்படவில்லை. 'போக வேண்டியதாப் போச்சு' வரைக்கும் ஒழுங்காக வந்துவிட்டு, "நாயி வந்துச்சில்ல?" என்பார்.

"வந்துச்சி மாமா. ஆனா சொல்லக் கூடாது," என்பாள் கங்கம்மாள்.

"நாயி இன்னா பண்ணுச்சி, அத சொல்லக் கூடாதுன்றீங்க," என்று கிழவர் முறைத்துக்கொள்வார்.

விசாரணைக்கு முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டில் அண்ணனே பேச்சை எடுத்தார். அவர் ஏரிப் பாசன சங்கத் தலைவர். "நாளைக்கு நானும் வரேன். சங்கத்துச் சார்பா ஒரு வார்த்த சொல்லணும்."

"என்ன சொல்லப் போற?"

"இன்னா சொல்றது? மயல பூட்டாங்க, இப்ப வந்துட்டாங்க. அவங்க மேல எனக்கு இன்னா விரோதம்? ஆனா அந்த மேடு ஒண்ணுதான் களம் போடறதுக்கு நமக்குக் கீற எடம். அதையும் குடுத்துட்டா நெல்ல எங்க கொட்றது? ரோட்டுலயா? லாரிக்காரன் ஏத்திக்கினு போறான்."

பொய்யில்லை. அறுவடைக் காலத்தில் உத்திரமேரூர் ரோட்டில் பாதி நெல்லாகத்தான் கிடக்கும். அவர் மனசில் கள்ளம் இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அன்னைக்கு நீதானே அண்ணா கொண்டுபோய் விட்ட?" என்று கேட்கலாம். கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அண்ணி கறிவேப்பிலைத் துவையல் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினாள். அவளுக்குப் பிடிக்கும் என்று அம்மியில் அரைத்தது. சசிரேகா துவையலைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டு முடித்தாள்.

காலையில் அண்ணன் மொபெட்டின் பின்னால் உட்கார்ந்துதான் தாலுகா ஆபீசுக்குப் போனாள். வழியில் ஏரி பாதி நிரம்பிக் கிடந்தது.

சப்-கலெக்டர் அபிநயா சின்னப் பெண். சசிரேகாவைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "மேடம், நீங்களா! உங்க கையேட்டைத்தான் நாங்க டிரெயினிங்ல படிச்சோம்," என்றாள். கண்ணில் நிஜமான சந்தோஷம். ஓரத்தில் ஒரு நாற்காலி போடச் சொன்னாள். சசிரேகா அதன் நுனியில் உட்கார்ந்தாள். கையேட்டின் மேல் காப்பி வைக்கிற அதிகாரியாக இருந்தால் தேவலை என்று தோன்றிற்று.

ஒரு பக்கம் பெஞ்சில் அண்ணனும் ஊர்க்காரர்கள் இரண்டு பேரும். எதிரே தரையில் இருளர்கள். நாற்காலியில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் சுகுமார் என்கிற தட்டச்சர்.

முதலில் பேசிய பெண் ஒரு பிசகு இல்லாமல் சொன்னாள். அபிநயா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். இரண்டாவது பெண்ணும் பிசகவில்லை. முதல் பெண் மூச்சு வாங்கின அதே இடத்தில் இவளும் மூச்சு வாங்கினாள். மூன்றாவது பெண் வாயைத் திறந்ததும் சுகுமாரே முன்னே தட்டியதைப் பார்த்துத் தட்ட ஆரம்பித்துவிட்டான். அபிநயா பேனாவைக் கீழே வைத்தாள்.

ஆறாம் அத்தியாயம், என்று நினைத்துக்கொண்டாள் சசிரேகா. பல பேர் ஒரே வார்த்தைகளில் ஒரே கதையைச் சொன்னால் அது அவர்கள் கதை இல்லை. எழுதின கை இவளுடையது. சொல்லிக்கொடுத்த வாயும் இவளுடையது. ஒரு தடவையாவது நம்பட்டும் என்று செய்தது, நம்பாமல் போவதற்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் சேர்த்துக் கொடுத்திருந்தது.

"தாத்தா, நீங்க சொல்லுங்க," என்றாள் அபிநயா.

வீராசாமி எழுந்து வேட்டியைச் சரிசெய்தார். நன்றாகத்தான் ஆரம்பித்தார். மழை வரைக்கும் வந்தார். 'போக வேண்டியதாப் போச்சு' என்று சொல்லிவிட்டு நின்றார். பாடம் அங்கே முடிகிறது. அவருக்கு முடியவில்லை.

"நாயி பின்னாலயே ஓடியாந்துச்சிம்மா," என்றார். "பஸ் ரோடு வரைக்கும்."

சப்-கலெக்டர் நிமிர்ந்தாள். காலையிலிருந்து அந்த அறையில் புதிதாக ஒரு வாக்கியம் வந்தது அப்போதுதான்.

"எது பின்னால தாத்தா?"

கிழவரும் தரையில் இருந்தவர்களும் அதிகாரியைப் பார்க்கவில்லை. ஓர நாற்காலியில் இருந்த சசிரேகாவைப் பார்த்தார்கள். கேள்வி கேட்டதும் சாட்சியின் கண் வேறு எங்கே போகிறது என்று பார்ப்பது சசிரேகாவின் பழைய வழக்கம். கண் போன இடத்தில்தான் கதையைக் கெடுத்த ஆள் உட்கார்ந்திருப்பான். எத்தனையோ மொழிபெயர்ப்பாளர்களை அப்படிப் பிடித்து வெளியே அனுப்பியிருக்கிறாள்.

"எது பின்னால ஓடிச்சு?" அபிநயா மறுபடியும் கேட்டாள்.

கங்கம்மாள் எழுந்தாள். "எங்க பின்னாலதாம்மா," என்றாள். "நடந்து போனோம். அதுவும் கூட வந்துச்சி."

"நடந்தா? அவ்வளவு தூரம்?"

"ஆமாம்மா."

"யாரும் போகச் சொல்லலையா?"

கங்கம்மாள் ஒரு நொடி சசிரேகாவின் பக்கம் திரும்பினாள். கோபமாக இல்லை. கவலைப்படாதே என்று சொல்கிற மாதிரிப் பார்த்தாள். "இல்லம்மா. யாரும் சொல்லல. நாங்களாத்தான் பூட்டோம்."

அண்ணன் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தார். சுகுமார் தட்டினான்: தாங்களாகவே சென்றனர். தட்டுகிற சத்தம் சசிரேகாவுக்குத் துல்லியமாகக் கேட்டது. அருமையான காது.

பத்துப் பன்னிரண்டு குடும்பத்தின் இடம் அந்த ஒரு வரியில் போயிற்று. போக்கினவள் கங்கம்மாள் இல்லை. தன் வாயால் தன் வீட்டை இடித்துக்கொண்டு, இவள் தங்குகிற வீட்டைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு நிற்கிறாள் அவள். பேசாமல் இருந்தால் மத்தியானம் அண்ணன் வண்டியில் ஏறி வீட்டுக்குப் போகலாம். துவையல் மிச்சம் இருக்கும். மாடியில் படுத்துக்கொள்ளலாம், சாகிற வரைக்கும். சசிரேகாவுக்கு அது அவ்வளவு ஆசையாக இருந்தது. வெட்கமே இல்லாமல் ஆசையாக இருந்தது.

"டிராக்டர் பின்னால," என்றாள்.

அவள் குரல் அவளுக்கே எட்டவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். "நாய் டிராக்டர் பின்னால ஓடிச்சு. எங்க வீட்டு டிராக்டர். குடிசையைப் பிரிச்சுட்டு அதுலதான் இவங்களை ஏத்திக்கிட்டுப் போனாங்க. என்கிட்ட இவங்க அப்படித்தான் சொன்னாங்க. நான்தான் அதை எடுத்துட்டு, வேற மாதிரி சொல்லிக்கொடுத்தேன்."

"ரேகா," என்றார் அண்ணன். அதட்டலாக இல்லை. தூக்கத்திலிருந்து எழுப்புகிறவர் மாதிரிக் கூப்பிட்டார்.

சுகுமாரைத் தட்டுவதை நிறுத்தச் சொன்னாள் அபிநயா. இந்த மேடத்தையா எழுந்து நின்று வரவேற்றோம் என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. "அப்போ இதுவரைக்கும் எழுதினதை நான் எடுத்துக்க முடியாது, மேடம். யார் சொல்லிக்கொடுத்தாங்கன்னும் எழுத வேண்டியிருக்கும்."

"எழுதுங்க."

"உங்க பேரோட."

"எழுதுங்கம்மா. முழுப் பேரும் போடுங்க."

அபிநயா பெஞ்சின் பக்கம் திரும்பினாள். "வெங்கடேசன் சார், இது நடந்ததா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம் அவர். ஆனால் பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர். அதுவும் தான் நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டிருக்கிற விஷயத்தில் எதற்குப் பொய்?

"நான் இன்னா கொலையா பண்ணேன்?" என்று எழுந்தார். "கரை ஒடையிற மாதிரி கீது. ஊரே கடப்பாரைய எடுத்துக்கினு நிக்குது. நான் மட்டும் இல்லன்னா அன்னிக்கு மண்டை ஒடைஞ்சிருக்கும். என் வண்டி, என் டீசலு. புள்ளைங்க நனையக் கூடாதுன்னு தார்ப்பாய கட்டி, ராவெல்லாம் ஓட்டிக்கினு போயி, தெரிஞ்சவன் சூளைல வேல வாங்கிக் குடுத்துட்டு வந்தேன். அது தப்பா?"

"சூளைக்குப் போகணும்னு அவங்க கேட்டாங்களா சார்?"

"கேக்கல."

"வரமாட்டோம்னாங்களா?"

"அதுவும் சொல்லல." அவர் தரையில் இருந்தவர்களைப் பார்த்தார். வீராசாமியைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "ஏறுங்கன்னேன். ஏறினாங்க."

"அதை அப்படியே போடுங்க, சுகுமார்," என்றாள் அபிநயா.

அப்புறம் ஒவ்வொருவரையாக மறுபடியும் கேட்டாள், இந்தத் தடவை அவரவர் வாயில் வந்தபடி. கோழி வந்தது, கல்யாணம் வந்தது, முட்டி வலி விலாவாரியாக வந்தது. ஒரு கதையும் இன்னொரு கதையும் எங்கும் சேரவில்லை. டிராக்டர் வெளிச்சத்தில் மட்டும் எல்லாம் வந்து சேர்ந்தன. முடிக்கும்போது, உத்தரவு எழுத்தில் வரும் என்றாள் அபிநயா. "ஆனா ஒண்ணு. தானாப் போனாங்கன்னு இனிமே இந்த ஃபைல்ல யாரும் எழுத முடியாது." வீராசாமி மட்டும் கம்ப்யூட்டர் பக்கம் எட்டிப் பார்த்து, "ரோசிய எய்திக்கினியாப்பா?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வெளியே போனார்.

வெயில் ஏறியிருந்தது. வாசலில் கங்கம்மாள் சசிரேகாவின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"இன்னாத்துக்கும்மா சொன்ன? நான்தான் நடந்து போனோம்னு முடிச்சிட்டேன்ல?"

"அப்படிச் சொன்னா உங்களுக்கு இடம் இல்லைன்னு ஆயிடும் கங்கம்மா."

"எங்களுக்கு இன்னாம்மா, தார்ப்பாய் கீது. எங்க வேணா கட்டிக்குவோம். ஒங்க அண்ணாரு மூஞ்சிய பாத்தியா? செத்த மூஞ்சியா பூடுச்சி." அவள் நிஜமாகவே பதறிப்போயிருந்தாள். "இப்ப நீ எங்கம்மா போவ?"

சசிரேகா இந்தக் கேள்வியை எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறாள். இப்போது எங்கே போவீர்கள், போக வேறு இடம் உண்டா? அவர்கள் பதில் சொல்லாமல் கையைப் பார்த்துக்கொண்டிருந்தால், 'பதில் இல்லை' என்று குறித்துக்கொள்வாள். அப்படித்தான் குறிக்க வேண்டும் என்று பிறருக்கும் எழுதிவைத்தாள். இப்போது தன் கையைப் பார்த்தபடி நின்றாள்.

புளியமரத்தடியில் அண்ணன் மொபெட்டை எடுத்துக்கொண்டிருந்தார். ஊர்க்காரர்கள் இரண்டு பேரும் ஏதோ சொல்ல, கையால் போங்கள் என்று காட்டினார். வண்டியைத் திருப்பி, அவள் நிற்கிற இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். அவளைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கோபமா, அவமானமா, அழுகையை அடக்குகிறாரா, பின்னாலிருந்து பார்க்கத் தெரியவில்லை. வீட்டுக்கா, பஸ் ஸ்டாண்டுக்கா என்றும் தெரியவில்லை.

"ஏறு," என்றார்.

எங்கே என்று கேட்க வேண்டும் என்று நினைத்தாள். கேட்டால் சொல்லியிருப்பார். கேட்கவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, ஏறினாள்.